ஃபேன் பெல்ட் கீச்சிட்டபோது நான் செய்தது

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம், பத்து விநாடியில் நின்றுவிடும், ஏசி போட்டால் திரும்ப வரும். பெல்ட்டுக்கு ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், இரண்டு நாள் அடங்கும், அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை நானே பானட்டைத் திறந்தேன். இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், சத்தம் கூடியது. அப்படியென்றால் பெல்ட் வழுக்குகிறது. சத்தம் குறைந்து திரும்ப வந்தால் புல்லிகள், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்கள், ஒரே நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

என் வண்டியில் பெல்ட்டைத் தானாகவே இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் கிடையாது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை நகர்த்தித்தான் இறுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பெல்ட் சுற்றிப்போகும் வழியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, போல்ட்டுகளைத் தளர்த்தினேன். கழற்றிய பெல்ட்டை மடக்கிப் பார்த்தால் வரிகளுக்குக் குறுக்கே பொடிப்பொடியாக வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. பெல்ட் இல்லாத அந்த நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள், எனக்குப் பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி மணல் அரைப்பது போலக் கரகரத்தது, அதையும் சேர்த்தே மாற்றினேன்.

கடையில் பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைக் காட்டினால் போதும். 6பிகே என்றால் ஆறு வரி, அடுத்து வருவது மில்லிமீட்டரில் நீளம். சத்தம் வரக் கூடாது என்று அளவுக்கு மீறி இறுக்கிவிடாதீர்கள், ஆல்டர்னேட்டர் பேரிங் போய்விடும். புது பெல்ட் கொஞ்சம் தளரும், அதனால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன், அரைச் சுற்று இறுக்க வேண்டியிருந்தது.