கர்ப்ப ஸ்கேனில் கட்டி என்று வந்தால் செய்யக் கூடாத தவறுகள்

முழுகாமல் இருக்கும் பெண் முதல் ஸ்கேனுக்குப் போவது குழந்தைக்கு இதயத்துடிப்பு வந்துவிட்டதா என்று பார்க்கத்தான். போன இடத்தில் வலது சினைப்பையில் கட்டி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வருகிறவர்களில் பலர், வாசலிலேயே கவரைப் பிரித்து, வண்டி சீட்டின் மேல் ரிப்போர்ட்டை விரித்து போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போகிறார்கள். டாக்டர் பார்ப்பதற்குள் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லி முடித்திருப்பார்கள், அந்தப் பெண்ணும் அழுது ஓய்ந்திருப்பாள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

ரிப்போர்ட்டில் 52 x 44 என்று இருந்தால் அது பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. அதாவது சுமார் 5 சென்டிமீட்டர், ஒரு நல்ல எலுமிச்சம்பழம் அளவு. அந்த எண்ணைவிட முக்கியம் பக்கத்தில் எழுதியிருக்கும் விவரம்: உள்ளே வெறும் நீர்தானா, தடுப்புச் சுவர் மாதிரி ஏதாவது இருக்கிறதா, கெட்டியான பகுதி இருக்கிறதா, அதில் ரத்த ஓட்டம் தெரிகிறதா, வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறதா. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். 'எவ்வளவு பெரிசு டாக்டர்' என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

முதல் மூன்று மாதத்தில் தெரியும் கட்டிகளில் அதிகம் கார்பஸ் லூட்டியம் கட்டிதான். கருமுட்டை வெளியான இடத்தில் உருவாகும் இந்தத் திசு, நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் வரை, கர்ப்பம் நிலைக்கத் தேவையான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அதில் நீர் கோத்துக்கொண்டால் ஸ்கேனில் கட்டியாகத் தெரியும், பெரும்பாலும் 14 முதல் 16 வாரத்துக்குள் தானாகவே வற்றிவிடும். ஆக, 'உடனே எடுத்துடுங்க டாக்டர்' என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கிற அந்தக் கட்டிதான் அப்போது கருவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது! அவசரத்துக்கு அறுவை செய்து அதை எடுக்கவேண்டி வந்தாலும், ஆரம்ப வாரங்களாக இருந்தால் வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் கொடுப்பார்கள். கட்டி இருக்கிறதே, கருவைக் கலைத்துவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி இருப்பது அதற்குக் காரணமே ஆகாது.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த நிதானம் கூடாது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியாவதற்கு முன்பு, சினைப்பைக்குப் பக்கத்தில் தெரியும் கட்டி கருக்குழாயில் தங்கிய கருவாகவும் இருக்கலாம். அடிவயிற்று வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டையில் வலி, தலைசுற்றி மயக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்து ரத்தப் பரிசோதனை. யாரோ கூகுளில் பார்த்துச் சொன்னார்கள் என்று தாங்களாகவே லேபுக்குப் போய், புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சிஏ 125 என்ற பரிசோதனையை எடுத்துவிடுகிறார்கள். 35க்கு மேல் வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இந்த அளவு சாதாரண கர்ப்பத்திலேயே, அதுவும் முதல் மூன்று மாதத்தில், கூடித்தான் இருக்கும். கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் கூடும், கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் கூடும். கர்ப்பத்தில் தெரியும் கட்டிகளில் புற்றுநோயாக இருப்பது மிகக் குறைவு, அதைச் சந்தேகிக்க ஸ்கேனில் கட்டி எப்படித் தெரிகிறது என்பதுதான் முதல் வழி. ஸ்கேனில் தெளிவாகவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். கதிர்வீச்சு இல்லாதது, பயம் வேண்டாம். கடோலினியம் என்ற ஊசி மருந்து போட்டு எடுப்பதைத்தான் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள், அதனால் கர்ப்பமாக இருப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

நாத்தனாருக்குப் பிசிஓடி இருந்தபோது கழற்சிக்காய் பொடி சாப்பிட்டாள், அதனால் நீங்களும் சாப்பிடலாம் என்ற பேச்சு எப்படியும் வரும். சினைப்பையில் பல சிறு நீர்க்கட்டிகள் தெரியும் பிசிஓடி வேறு, கர்ப்பத்தில் ஒற்றையாகத் தெரியும் இந்தக் கட்டி வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து என்பதில் அர்த்தமே இல்லை. கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படாத எந்தப் பொடியையும் கஷாயத்தையும், எவ்வளவு அன்போடு கொடுத்தாலும், வாயில் வைக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை உண்மையிலேயே கவலைப்படவைக்கும் தவறு. கட்டி உள்ள சினைப்பை சில நேரம் தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும், அதற்குப் போகும் ரத்தம் நின்றுபோகும். உள்ளே கொழுப்பு, முடி எல்லாம் இருக்கும் டெர்மாய்ட் மாதிரி கனமான கட்டிகளில் இந்த ஆபத்து உண்டு, கர்ப்பத்தின் முதல் பாதியில் அதிகம், பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கும்போதும் நடக்கும். திடீரென்று ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும் வலி, கூடவே வாந்தி, கொஞ்சம் விட்டு விட்டு வரும். முதல் மாதங்களில் வாந்தி என்றால் மசக்கை என்று விட்டுவிடுவார்கள். வலி என்றால், 'சூட்டு வலிதான் கண்ணு, மோர்ல வெந்தயம் போட்டுக் குடி, காலையில சரியாயிடும்' என்பார்கள். சூட்டு வலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. கட்டி இருப்பது தெரிந்த பெண்ணுக்கு ஒரு பக்க வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், அது முறுக்கு இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை முறுக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் சினைப்பை அழுகிவிடலாம், சீக்கிரம் போனால் முறுக்கை எடுத்துவிட்டே காப்பாற்ற முடியும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கலாம், அதனால் 'ஸ்கேன் நார்மல்' என்று அனுப்பிய பிறகும் வலி அடங்கவில்லை என்றால் திரும்பிப் போங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஏற்காட்டிலும் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்து ஊர்களிலும் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ராத்திரி வலி வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு, பனி, வண்டி கிடைக்காது, விடியட்டும் என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இதற்கு உடனே அறுவை செய்யும் வசதி, மயக்க மருந்து டாக்டர் எல்லாம் இருக்கும் இடம் வேண்டும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி. கட்டி இருக்கிறது என்று தெரிந்த அன்றே, இந்த மாதிரி நேரத்தில் எங்கே வரவேண்டும் என்று டாக்டரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டு வைத்துக்கொண்டால் ராத்திரியில் குழம்ப வேண்டியதில்லை.

அறுவை என்றாலே குழந்தை போய்விடும் என்று கையெழுத்துப் போட மறுப்பதும் நடக்கிறது. கர்ப்பத்திலும் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை போட்டுச் செய்யும் அறுவை, செய்கிறார்கள். அவசரமில்லாத கட்டி என்றால் 14 வாரம் தாண்டியபின் செய்வது வழக்கம். ஒரு சினைப்பையை எடுக்கவே வேண்டி வந்தாலும், இன்னொன்று நன்றாக இருந்தால் மாதவிடாய்க்கும் அடுத்த குழந்தைக்கும் அது போதும்.

கட்டி கருப்பையிலேயே இருந்தால் அது பெரும்பாலும் நார்க்கட்டி, ஃபைப்ராய்ட். இது நான்கு, ஐந்து மாதத்தில் கடுமையாக வலிக்கலாம், கட்டிக்குள் ரத்த ஓட்டம் குறைந்து சிதைவதால் வரும் வலி. ஓய்வும் பாராசிட்டமாலும்தான் பெரும்பாலும் சிகிச்சை. மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். அப்புறம் சிசேரியன் நேரத்தில் 'வயிற்றைத் திறந்தாச்சு, ஃபைப்ராய்டையும் சேர்த்து எடுத்துடுங்க' என்று வற்புறுத்துவது. அந்த நேரத்தில் கருப்பைக்கு ஓடும் ரத்தம் மிக அதிகம், அங்கே கத்தி வைத்தால் ரத்தப்போக்கை நிறுத்துவது கஷ்டம் என்பதால்தான் டாக்டர்கள் பொதுவாக மறுக்கிறார்கள். சினைப்பைக் கட்டி அப்படி இல்லை, அது அதுவரை கரையாமல் இருந்தால் சிசேரியனோடு சேர்த்து எடுப்பது உண்டு.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது ஆஸ்பத்திரியும் மாறும், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் புகுந்த வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். புது டாக்டருக்குக் கட்டி வளர்ந்ததா, குறைந்ததா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. முதல் ஸ்கேனிலிருந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். சுகப்பிரசவம் ஆனபின் கட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். 6 வாரம் கழித்துத் தாயைப் பரிசோதிக்கப் போகும்போது அந்த ஃபைலைக் காட்டி, கட்டி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் கேளுங்கள்.