ஃபார்மேட் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மேட். நெட் வரவில்லையா, ஃபார்மேட். பிரிண்டர் அடம்பிடிக்கிறதா, அதற்கும் ஃபார்மேட். தெருமுனை சர்வீஸ் கடைக்காரர் முதல் 'கம்ப்யூட்டர் தெரிந்த' பக்கத்து வீட்டுத் தம்பி வரை எல்லோர் கையிலும் இருக்கும் ஒரே மருந்து, டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும் இதுதான். சில நேரம் குணமும் தெரியும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்பது கடைசி வரை தெரியாது. தெரியாத கோளாறு கொஞ்ச நாளில் திரும்பி வரும். அழிந்த படங்கள் திரும்பி வராது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். திரும்பப் பெற முடியாத வேலையை முதலில் செய்கிறோம், அரை நிமிடத்தில் பார்த்துவிடக் கூடியதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம்.

ஃபார்மேட்டையே எடுத்துக்கொள்வோம். "சி டிரைவை மட்டும்தான் அழிக்கிறேன், உங்க ஃபைல் எல்லாம் டி-யில் பத்திரமா இருக்கும்" என்பார்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நீங்களாக இடம் மாற்றியிருந்தால் ஒழிய, டெஸ்க்டாப்பில் சேர்ந்து கிடக்கும் ஃபைல்கள் அத்தனையும் சி டிரைவில்தான் இருக்கின்றன. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே அங்கேதான். சந்தேகம் இருந்தால் டெஸ்க்டாப்பில் ஏதாவது ஒரு ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'லொக்கேஷன்' என்ற வரியைப் படியுங்கள். டேலிபிரைமில் கடைக் கணக்கு எழுதுகிறவர்கள் அதன் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதுவும் வழக்கமாக சி-யில்தான் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கே உரிய தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை ஃபார்மேட்டுக்குப் பிறகு திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டவர்கள் உண்டு. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எழுத்துரு ஃபார்மேட்டோடு போய்விட்டது, அவ்வளவுதான். பாமினியை மறுபடி நிறுவினால் தமிழ் வந்துவிடும். கையோடு எல்லாவற்றையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் அடுத்த முறை இந்தத் தலைவலி இல்லை.

விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப் என்றால் கூடுதல் கவனம் தேவை. பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலோ, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்புகளில் கை வைத்தாலோ, நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். பெரும்பாலும் அது, முதன்முதலில் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடையில் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பாருங்கள்.

மெதுவாக ஓடினால்

முதல் வேலை ரீஸ்டார்ட். "தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தானே படுக்கிறேன்" என்று கேட்கலாம். விண்டோஸ் 8 காலத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்தே தொடரும். நேற்றைய சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூ-வுக்குக் கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் அணைக்கிற கம்ப்யூட்டரில்கூட அது நாள் கணக்கில் காட்டுவதைப் பார்க்கலாம்.

அதே இடத்தை விட்டு நகராமல் இன்னொன்றும் பாருங்கள். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, மெமரி (அதாவது ரேம்) பாதிகூட நிறையவில்லை என்றால், பெரும்பாலும் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அந்த நிலையில் ரேம் வாங்கிப் போடுவது வீண்செலவு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி-க்கு மாறினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மெமரி 90-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் அப்போது ரேம் பற்றி யோசிக்கலாம். பார்க்காமலே வாங்குவதால்தான் காசு போகிறது.

பிசி கிளீனர், பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று வருபவை எல்லாம் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நூறு வரி குறைந்தால் வேகம் கூடிவிடாது. தவறான ஒரு வரி போனால் விண்டோஸே எழாமல் போகலாம். ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போடுவதும் இதே கதைதான். இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்து, இருக்கிற வேகத்தையும் தின்றுவிடும். எஸ்எஸ்டி-யை உட்கார்ந்து டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்ய வேண்டியதில்லை. அதைப் பராமரிக்க விண்டோஸுக்கே தெரியும்.

கடிகாரத்தைப் பாருங்கள்

எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மறுக்கிறதா? வைரஸ் என்று பதறுவதற்கு முன் திரையின் வலது ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கலாம். ஒவ்வொரு வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் சரியான சான்றும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்திய பிறகும், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பழையபடி ஆகிறது என்றால் மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் செல். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இதற்குப் போய் விண்டோஸை மறுபடி ஏற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை!

திரையில் ஒன்றும் வரவில்லை என்றாலும் இப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக உள்ள டெஸ்க்டாப்பில், சுத்தம் செய்துவிட்டு, அந்தக் கார்டில் செருக வேண்டிய மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள துளையில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும். அதுவும் சரியாக இருந்து, பீப் சத்தம் மட்டும் வந்தால் ரேமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். ரேமின் தங்க நிற ஓரத்தை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். புளோயரால் தூசு ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

நெட் போனால் ரூட்டரை அணைத்துப் போடலாம், தப்பில்லை. பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊக்கைவிட்டு அழுத்துவதுதான் தப்பு. அது ரீசெட். இணைப்பு கொடுத்தவர் போட்டு வைத்த அமைப்பெல்லாம் அழிந்துபோய், அவர் வந்து சரிசெய்யும் வரை நெட் இல்லாமல் போகலாம். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னல் வீடு வரை வரவில்லை என்று பொருள். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, புகார் கொடுங்கள்.

"உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை நிறையச் செய்தி வந்து சைரன் ஊதினால், அது வெறும் மோசடி விளம்பரப் பக்கம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடினால் போய்விடும். பிரிண்டருக்குக் கஸ்டமர் கேர் எண் தேடும்போதும் கவனம். முதலில் வரும் எண் போலியாக இருக்கலாம். பெட்டியிலோ வாரண்டி அட்டையிலோ உள்ள எண்ணே போதும். பேசுகிறவர், தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்காதீர்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் வேண்டாம், 'ஒருவேளை சரியாகுமோ' என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடலாம். அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது கட்டாயம் வேண்டும் என்றால் டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் நேராகக் கொண்டுபோங்கள். தவறுதலாக அழித்த படங்களை மீட்க நினைப்பவர்களுக்கும் பாதி இதேதான்: மீட்கும் மென்பொருளை அதே டிரைவில் நிறுவாதீர்கள், அது படங்கள் இருந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிடலாம். எஸ்எஸ்டி-யில் அழித்தது என்றால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, நகல் எடுத்த பிறகு அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே கிடந்தால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்தே போகும்.