ரேம் வாங்கும் முன் ஒரு நிமிடம்

உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய 4 ஜிபி லேப்டாப் திணறுகிறதா? பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ரேம் தேடி அலையும் முன், எக்ஸ்எஃப்சிஇ (XFCE) என்ற இலகுவான டெஸ்க்டாப்பை நிறுவிப் பாருங்கள், காசு கிடையாது. நிறுவியதும் லாக் அவுட் செய்து, உங்கள் பெயரைச் சொடுக்குங்கள். பாஸ்வேர்டு கேட்கும்போது வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் தலைகாட்டும் (அதற்கு முன்பே தேடினால் கிடைக்காது). அதில் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப் வெறும் மேல்சட்டைதான். ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கும். உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோம் தின்கிற ரேமில் கொஞ்சம் மிஞ்சும். பிடிக்காவிட்டால் அதே சக்கரத்தில் பழையதற்கே திரும்பலாம். எக்ஸ்எஃப்சிஇ-யோடு வரும் உபுண்டு வகையான சுபுண்டுவின் டெஸ்க்டாப் முழுப் பொதியை மட்டும் இழுக்காதீர்கள், வேண்டாத ஆப்களும் கூடவே வந்து இறங்கும்.

பிரவுசரில் 30 டேப் திறந்து வைப்பவருக்கு இது பெரிதாக உதவாது. அட்மின் உரிமை தராத ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவவே முடியாது.