மெதுவா போற சைக்கிளை பதற விடாம ஓவர்டேக் பண்றது எப்படி

வேலைக்கு சைக்கிள்ல போறவங்க எல்லாரும் ஒரே வேகத்துல போக மாட்டாங்க. ஒருத்தர் 25 கி.மீ. வேகத்துல மிதிப்பார், இன்னொருத்தர் முதுகுல பை கேரியர்ல சாமானோட 15ல போவார், பாதை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். முந்துறதுல தப்பே இல்ல. ஆனா அதுக்கான மொத்த பொறுப்பும் பின்னாடி வர்றவருக்குத்தான், முன்னாடி போறவர் பாட்டுக்கு போயிட்டே இருக்கலாம். அவர் பிரேக் போடவோ ஒதுங்கவோ திடுக்குனு திரும்பிப் பார்க்கவோ வேண்டி வந்துச்சுன்னா நீங்க முந்துன விதம் சரியில்ல.

முதல்ல முந்தணுமான்னு பாருங்க. நீங்க 25, அவர் 15னா வித்தியாசம் 10 கி.மீ., அதாவது செகண்டுக்கு 3 மீட்டர் கூட இல்ல. அவருக்கு 5 மீட்டர் பின்னாடி ஆரம்பிச்சு 5 மீட்டர் முன்னாடி போய் சேர, அவர் சைக்கிள் நீளத்தையும் சேர்த்தா, 4 செகண்டுக்கு மேல ஆகும், அதுக்குள்ள நீங்க ரோட்டுல ஓடியிருக்கிற தூரம் கிட்டத்தட்ட 30 மீட்டர். அந்த 30 மீட்டர் காலியா இருக்கா? எதிர்ல யாரும் வரல, வளைவு இல்ல, பாதை குறுகலன்னா போங்க. இல்லன்னா அவர் பின்னாடியே 200 மீட்டர் போனாலும் உங்களுக்கு நஷ்டம் சுமார் 20 செகண்ட், ஆபீஸ்ல லிப்டுக்கு நிக்கிற நேரம் இதைவிட ஜாஸ்தி.

இதுல நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. நமக்கு முன்னாடி என்ன இருக்குன்னு மட்டும் பார்ப்போம், அவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பார்க்க மாட்டோம். ஓரமா ஒரு கார் நிக்குது, ஒரு பள்ளம், தண்ணி தேங்கியிருக்கு, சாக்கடை மூடி மேல எழும்பி இருக்கு, இதெல்லாம் வந்தா அவர் கண்டிப்பா உங்க பக்கம் விலகி வருவார், அதுவும் நீங்க பக்கத்துல வர்ற அதே நேரத்துல. நிக்கிற கார் கதவு திறந்துடுமோன்னு தள்ளிப் போறவர் ரோட்டை அடைக்கல, ஒழுங்கா ஓட்டுறார். அந்த இடத்தை அவர் தாண்டுற வரைக்கும் பின்னாடியே இருங்க.

வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பிப் பாருங்க, நீங்க முந்துற அதே நேரம் உங்களை முந்த ஒருத்தர் வந்துட்டு இருக்கலாம். புதுசா ஓட்டுறவங்களுக்கு தலையைத் திருப்புனா ஹேண்டிலும் சேர்ந்து திரும்பும், காலி இடத்துல கொஞ்சம் பழகிக்கோங்க. ரோட்டோட நடுப்பக்கமாத்தான் முந்தணும். ஓரத்துக்கும் அவருக்கும் நடுவுல புகுந்து போறது வேண்டவே வேண்டாம், அந்தப் பக்கம் ஆள் வருவாங்கன்னு அவர் எதிர்பார்க்கவே மாட்டார்.

எவ்ளோ இடம் விடணும்? ஜெர்மனில கார்காரங்க சைக்கிளை முந்தறப்போ ஊருக்குள்ள 1.5 மீட்டர், ஊருக்கு வெளில 2 மீட்டர் விடணும்னு சட்டமே இருக்கு. சைக்கிள் பாதைல அவ்ளோ இடம் கிடைக்காது, அதனால அவர் ஹேண்டில் நுனிலேர்ந்து ஒரு முழு கை நீளமாவது விடுங்க. சைக்கிள் விழாம நிக்கிறதே ஹேண்டிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிட்டே இருக்கிறதாலதான், வேகம் குறையக் குறைய அந்தத் திருப்பல் பெருசாகும். அதான் மெதுவா போறவர் ஆடுறார், மேட்டுல ஏறுறப்போ இன்னும் ஆடுவார். அது அவர் கத்துக்குட்டிங்கிறதால இல்ல, நீங்க 8ல போனா நீங்களும் அப்படித்தான்.

பெல் அடிக்கிறதுல பாதி பேருக்கு டைமிங் தெரியல. காதுகிட்ட வந்து அடிச்சா அது தகவல் இல்ல, மிரட்டல். 10, 15 மீட்டர் பின்னாடி இருக்கறப்பவே ஒரு தடவை லேசா அடிங்க, அவருக்கு 4, 5 செகண்ட் கிடைக்கும், பதறாம நேரா போவார். அடிச்சுட்டே வராதீங்க. ஹெட்போன் போட்டிருக்கார், அசையவே இல்லன்னா கேட்கலன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் தள்ளி முந்துங்க, இடம் இல்லன்னா வெயிட் பண்ணுங்க. குரல் கொடுக்கறதா இருந்தா "வரேங்க" மட்டும் போதும், "ரைட்ல வரேன்"னு கத்துனா காதுல ரைட் மட்டும் விழுந்து ரைட்லயே வந்து நிக்கிறவங்க இருக்காங்க. என்னைக் கேட்டா பெல்லைவிட நாசூக்கானது ஃப்ரீவீல் சத்தம்தான், மிதிக்கறதை நிறுத்துனா டிக்டிக்டிக்னு வருமே அது, அமைதியான பாதைல அதுவே போதும்.

பின்னாடி காத்திருக்கறப்போ உங்க முன் சக்கரம் அவரோட பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல போகாம பார்த்துக்கோங்க. அவர் லேசா விலகுனாலும் ரெண்டும் உரசும், உரசுனா பெரும்பாலும் விழறது பின்னாடி வர்றவர்தான், ஏன்னா உங்களோடது ஹேண்டிலோட திரும்புற முன் சக்கரம். எதிர்காத்தை அவர் மறைச்சுக்கட்டும்னு தெரியாதவர் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றதும் வேண்டாம், யாரோ துரத்துற மாதிரி இருக்கும் அவருக்கு.

முந்துனதும் உடனே உள்ள வெட்டாதீங்க. ரெண்டு மூணு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்ததும் சாவகாசமா உள்ள வாங்க. மழை நாள்ல இன்னும் தள்ளி, உங்க பின் சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேரா அவர் மூஞ்சிக்குத்தான் போகும், மட்கார்டு இல்லன்னா கேட்கவே வேண்டாம். முந்திட்டு மூச்சு வாங்கி 14க்கு இறங்கறதும் கூடாது, அதே வேகத்துல போக முடியும்னாதான் முந்தணும்.

சிக்னல்லதான் நெஜமான எரிச்சல் ஆரம்பிக்குது. நீங்க ஒருத்தரை நல்லபடியா முந்தி வந்து சிவப்புல நிக்கிறீங்க, அவர் பின்னாடி வந்து, நிக்கிற எல்லாரையும் தாண்டி கோட்டுக்கு முன்னாடி போய் நிப்பார், பச்சை விழுந்ததும் மறுபடி அவர் பின்னாடி எல்லாரும் மாட்டிக்கிட்டு மறுபடி முந்தணும், அடுத்த சிக்னல்லயும் இதே கூத்து. ஒவ்வொரு முந்தலும் ரெண்டு பேருக்குமே ஒரு ரிஸ்க்தான், சும்மா சும்மா அதை உண்டாக்கக் கூடாது. வந்த வரிசைல பின்னாடி நிக்கறதுதான் முறை. அதே மாதிரி அவர் உங்களுக்கு முன்னாடி வந்து நின்னிருந்தா அவர் பழைய சைக்கிளைப் பார்த்து இவர் ஸ்லோவாத்தான் போவார்னு முடிவு பண்ணி தாண்டிப் போய் நிக்காதீங்க, கிளம்புனதும் அவரே உங்களை விட்டுட்டுப் போவார், நிறைய தடவை நடக்கும். பச்சை விழுந்ததும் முதல் சில மீட்டர் எல்லாருமே ஆடித்தான் கிளம்புவாங்க, எல்லாரும் நேரானதும் முந்துங்க.

குழந்தைங்க ஓட்டிட்டு போனா பெல் அடிச்சதும் திரும்பிப் பார்ப்பாங்க, பார்க்கிற பக்கமே சைக்கிளும் வரும். அங்க வேகத்தை நல்லா குறைச்சு ரொம்ப தள்ளிப் போங்க. ரெண்டு பேர் பேசிட்டே ஜோடியா போறாங்கன்னா ஒரு பெல், அவங்க ஒதுங்க டைம், போறப்போ ஒரு தேங்க்ஸ். பேட்டரி சைக்கிள் வச்சிருக்கவங்களுக்கு ஸ்பெஷலா ஒண்ணு, மேட்டுல மூச்சு முட்ட மிதிக்கிறவர் பக்கத்துல சத்தமே இல்லாம 25ல உரசிட்டு போகாதீங்க, அவருக்கு அப்போ திரும்பிப் பார்க்கக்கூட தெம்பு இருக்காது. யாரா இருந்தாலும் "சீக்கிரம் மிதிங்க பாஸ்"னு கமெண்ட் வேண்டாம், நீங்க ஜோக்குன்னு நெனச்சாலும்.

உங்களை ஒருத்தர் முந்தறப்போ அப்படியே நேரா போங்க, ஓரத்து மண்ணுல இறங்க வேண்டாம், ரோஷம் வந்து ஸ்பீடை ஏத்தவும் வேண்டாம். ஏத்துனீங்கன்னா அந்த 4 செகண்ட் 10 செகண்டாகி அவர் எதிர் பக்கத்துலயே மாட்டிக்குவார்.