அயர்ன்மேன் சைக்கிளில் முதல் அரை மணி நேரம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் அயர்ன்மேன் போட்டியில் 3.8 கி.மீ. நீந்திவிட்டு சைக்கிளில் ஏறியதும், முதல் அரை மணி நேரம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே மிதியுங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் உடனே கியரை இலகுவாக்குங்கள், மேடாக இருந்தாலும் சரி. பக்கத்தில் பத்துப் பேர் முந்திப் போவார்கள், போகட்டும்.

நீச்சல் முடிந்த பரபரப்பில் இதயத் துடிப்பு ஏறியே இருக்கும். கால்களில் இன்னும் களைப்பு சேராததால் அதிக வேகமும் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் உடலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் (தசைக்கு எரிபொருளாகும் மாவுச்சத்து) நாள் முழுக்க வராது. வேகம் கூடக்கூட அது சீக்கிரம் கரையும். அதோடு, கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் கால்களுக்கே போய்விடுவதால், சக்திக்காகச் சாப்பிட்ட இனிப்பு ஜெல் செரிக்காமல் வயிற்றிலேயே குலுங்கிக்கொண்டு நிற்கும். 180 கி.மீ. சைக்கிளில் மிச்சம் பிடித்த நாலைந்து நிமிடத்தை, 42.2 கி.மீ. ஓட்டத்தின் கடைசியில் நடந்து நடந்து பல மடங்காகத் திருப்பிக் கொடுப்பது கொடுமை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சைக்கிள் 20 கி.மீ. மட்டுமே உள்ள ஸ்பிரிண்ட் என்ற குறுகிய வகைப் போட்டிக்கு இது வேண்டாம். கட்-ஆஃப் நேரத்தை (தாண்டினால் போட்டியிலிருந்து வெளியேற்றும் கெடுவை) ஒட்டி நீந்தி முடித்தவர்களும் இவ்வளவு நிதானம் காட்ட முடியாது.