கஞ்சா கம்மி ஒண்டு சாப்பிட்டு ஒண்டும் தெரியேல்லை எண்டு ரெண்டாவதை எடுக்காதேங்கோ

போன விண்டருக்கு எங்கட மாமா, முழங்கால் நோவுக்கு நல்லமெண்டு வேலையிடத்தில ஆரோ சொல்ல, கஞ்சா கம்மி (gummy, கஞ்சா கலந்த ஜெலி இனிப்பு) பாக்கற் ஒண்டு வாங்கினவர். அதில இருக்கிற கஞ்சாவின்ர வெறி ஏத்துற சாமானுக்கு டிஎச்சி (THC) எண்டு பேர், மில்லிகிராம் எண்டுறது அதின்ர அளவு. உள்ளுக்க ரெண்டு, ஒவ்வொண்டும் 5 மில்லிகிராம். இரவு ஒம்பது மணிக்கு ஒண்டு சாப்பிட்டு முக்கால் மணித்தியாலம் பாத்தார், ஒண்டும் செய்யேல்லை, உது சரிவராது எண்டு மற்றதையும் போட்டிட்டார். பதினொரு மணிக்கு மாமி கோல் எடுத்து நான் ஓடிப்போய்ப் பாத்தா, மனுசன் பாத்ரூம் நிலத்தில இருந்து சிங்கின்ர காலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, நெஞ்சு வெடிக்கப்போகுது தம்பி எண்டு அழுறார். 911 அடிச்சன். வந்தவை என்ன எடுத்தவர் எண்டு கேக்க மாமி வெக்கத்தில "நோவுக் குளிசை" எண்டு சொன்னா, நான்தான் குப்பைக்குள்ள இருந்த பாக்கற்றை எடுத்துக் காட்டினன். விடியச் சுகமாயிட்டார், ஆனா அந்த முகம் எனக்கு மறக்கேல்லை.

கஞ்சா பாவியுங்கோ எண்டு நான் சொல்லேல்லை, பாவிக்காமல் இருக்கிறதுதான் உடம்புக்கு ஆகப் பாதுகாப்பு. ஆனா 2018 ஒக்டோபர் 17 இலயிருந்து கனடாவில சட்டப்படி விக்கினம், ஒன்ராறியோவில 19 வயசு காணும், எங்கட வீடுகளிலயும் பாவிக்கினம், ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கிறேல்லை. அதால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன்.

மாமாவுக்கு நடந்ததுக்குக் காரணம் இதுதான். புகைச்சா நுரையீரலால நேர ரத்தத்துக்கு ஏறும், சில நிமிசத்திலயே தெரியும். சாப்பிட்டா வயிறு, ஈரல் எண்டு சுத்திப் போகவேணும், அதோட ஈரல் அதில இருக்கிற டிஎச்சியை இன்னும் கடுமையான ஒண்டா மாத்திவிடும். தெரியத் தொடங்கவே அரை மணித்தியாலத்திலயிருந்து ரெண்டு மணித்தியாலம் எடுக்கும், உச்சத்துக்குப் போக நாலு மணித்தியாலம் வரைக்கும் செல்லும், இறங்க 12 மணித்தியாலம் வரைக்கும் ஆகலாம், சிலருக்கு அடுத்த நாளும் மந்தமா இருக்கும். ஆனபடியா முதல்தரம் எடுக்கிற ஆள் 2.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, அதாவது 5 மில்லிகிராம் கம்மியை கத்தியால பாதியா வெட்டி, மிச்சத்தைப் பூட்டி வச்சிட்டு, அண்டைக்கு அதோட நிப்பாட்டுங்கோ. நோ நிக்கேல்லை எண்டா இன்னொரு நாள் பாக்கலாம், அதே இரவு வேண்டாம்.

புகைக்கிற ஆக்கள் லேபிளை வாசியுங்கோ. அதில டிஎச்சி எண்டு ஒரு நம்பரும், மொத்த டிஎச்சி எண்டு இன்னொரு நம்பரும் இருக்கும், சூடாக்கினாப் பிறகு வாற அளவு ரெண்டாவதுதான், அதைத்தான் பாக்கவேணும். 10 வீதம் இல்லாட்டி அதுக்குக் குறைவானதுல ஒண்டு ரெண்டு இழுவையோட தொடங்குங்கோ. கன நேரம் மூச்சைப் பிடிச்சா நல்லா ஏறும் எண்டு பெடியள் நினைக்கினம், அது தார் கூட உள்ள போறதுக்குத்தான் உதவும். சிகரெட் தூளோட கலந்தா நிக்கொட்டின் பழக்கமும் சேந்து பிடிச்சிடும். குடிச்சிட்டு எடுத்தா ரத்தத்தில டிஎச்சி இன்னும் ஏறும், சத்தியும் தலைசுத்தும் வாறது கூடுதலா அப்பதான்.

சில பேர் தொடவே கூடாது. குடும்பத்தில ஆருக்காவது ஸ்கிசோஃப்ரீனியா மாதிரி மன வருத்தம் இருந்தா, கர்ப்பமா இருந்தா, பால் குடுக்கிற தாய் எண்டா, வேண்டாம். இருதய வருத்தக்காரருக்கு நெஞ்சு படபடப்பு ஆபத்து, ரத்தம் உறையாம இருக்க வோர்ஃபரின் எடுக்கிறவை டொக்டரைக் கேக்காமல் கிட்டவும் போகக்கூடாது. மூளை 25 வயசு மட்டும் வளருது, அதால பதினாறு பதினேழு வயசுப் பிள்ளையளை இதில இருந்து தள்ளி வைக்கப் பாருங்கோ, ஏசாமல் கதைச்சாத்தான் அதுகள் கேக்கும்.

வருசக்கணக்கா ஒவ்வொரு நாளும் புகைக்கிற ஆளுக்கு விட்டு விட்டு சத்தி வந்து, சுடுதண்ணியில குளிச்சாத்தான் சுகம் எண்டு மணிக்கணக்கா ஷவருக்குள்ள நிண்டா, அது வயித்துக் கோளாறு இல்லாம கஞ்சாவால வாற வருத்தமா இருக்கலாம். பூரணமா விட்டாத்தான் அது சுகமாகும். விடேக்க நித்திரை வராது, எரிச்சல் வரும், முதல் ஒண்டு ரெண்டு கிழமை கஷ்டம், அந்த நேரம் வீட்டுக்காரர் பொறுத்துக் கொள்ளவேணும்.

ஆராவது கூட எடுத்துப் பயந்துபோனா அமைதியான அறையில இருத்தி, தண்ணி குடுத்து, பக்கத்தில இருந்து "இது இறங்கிடும்" எண்டு சொல்லிக்கொண்டே இருங்கோ, தனிய விடாதேங்கோ. நெஞ்சு நோ, மூச்சு எடுக்கேலாமை, தட்டியும் எழும்பாமை எண்டா உடன 911, எவ்வளவு எத்தினை மணிக்கு எண்டதை ஒளிக்காமல் சொல்லுங்கோ.

சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில பூட்டின பெட்டி கட்டாயம். சட்டக் கடையில ஒரு பாக்கற் முழுக்க 10 மில்லிகிராம்தான் இருக்கலாம், பெட்டியில சிவப்பு எண்கோணத்துக்குள்ள இலைப் படம் இருக்கும். கள்ளமா விக்கிற கம்மி இனிப்புப் பாக்கற் மாதிரியே வரும், உள்ளுக்க எவ்வளவு எண்டு ஆருக்கும் தெரியாது. பிள்ளை சாப்பிட்டிட்டுது எண்டு சந்தேகம் வந்தாலே 1-844-764-7669 நஞ்சுத் தகவல் நம்பருக்கு அடியுங்கோ, நித்திரையால எழும்பாட்டி 911.

எடுத்த அண்டைக்குக் கார் ஓடாதேங்கோ. புதுசா ஓடுற ஜி1, ஜி2 லைசன்ஸ்காரருக்கும், 21 வயசும் அதுக்குக் கீழயும் எண்டா அவைக்கும், ட்றக் ஓட்டுற அண்ணாமாருக்கும் ஒன்ராறியோவில உடம்பில துளியும் இருக்கக்கூடாது. பிறகு ஊருக்கு வெளிக்கிடேக்க, கனடாவில சட்டப்படி வாங்கினதெண்டாலும், டொக்டர் எழுதித் தந்ததெண்டாலும், நாட்டை விட்டு வெளிய கொண்டு போறது குற்றம், கொழும்பிலயும் சென்னையிலயும் பிடிபட்டா ஜெயிலுக்கும் போகவேண்டி வரலாம். மாட்டுப்பட ஒரு கம்மியே காணும். ஜாக்கெட் பொக்கற்றையும், மகன்ர பழைய பாக்கின்ர சின்ன ஸிப்பையும் எயார்போட்டுக்கு முதல் ஒருக்காத் திறந்து பாருங்கோ.