தென்னாப்பிரிக்காவில் முதல் வீட்டுக் கடன்: ஆயுள் காப்பீட்டையும் நோய்க் காப்பீட்டையும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ வேலைக்கு வந்து, சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்த வீடு வாங்க முனைகிற நம்மவர்கள் வட்டி விகிதத்தைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். ஆனால் கடன் ஒப்பந்தத்தோடு சேர்த்து வங்கி நீட்டுகிற ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டுவிடுவார்கள். 20 ஆண்டுகள் பிரீமியம் கட்டப்போகும் ஒரு முடிவை இப்படி அவசரத்தில் எடுக்க வேண்டியதில்லை. சட்டமும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், 106ஆவது பிரிவில், கடனுக்குக் காப்பீடு வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வங்கிக்கு இடம் தருகிறது. அதே பிரிவு, வங்கி முன்வைக்கும் பாலிசியை மறுத்து, நீங்களே தேர்ந்தெடுத்த பாலிசியை அதற்குப் பதிலாகக் கொடுக்கும் உரிமையை உங்களுக்கும் தருகிறது. கடனோடு விற்கப்படும் காப்பீட்டின் விலைக்கு 2017இல் உச்சவரம்பும் வந்தது: வீட்டுக் கடனில் ஒவ்வொரு 1,000 ராண்டுக்கும் மாதம் 2 ராண்ட். 12 லட்சம் ராண்ட் கடனுக்குக் கணக்கிட்டால், மாதம் 2,400 ராண்ட் வரை கேட்கலாம் என்று ஆகிறது. முப்பதுகளில் இருக்கும், புகை பிடிக்காத, உடல்நலமுள்ள ஒருவர் சான்லாம், ஓல்ட் மியூச்சுவல், டிஸ்கவரி போன்ற நிறுவனங்களில் தனியாக ஆயுள் காப்பீடு எடுத்தால், பெரும்பாலும் இதைவிடக் கணிசமாகக் குறைந்த பிரீமியமே வரும். ஆகவே, வங்கியின் விலையையும் வெளியே குறைந்தது இரண்டு நிறுவனங்களின் விலையையும் எழுத்தில் வாங்கி, எந்தெந்த நிகழ்வுக்குப் பணம் கிடைக்கும் என்பதோடு சேர்த்து ஒப்பிடுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கும் முடிவுக்கும் நாள் பிடிக்கும் என்பதால், வீடு பார்க்கத் தொடங்கும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுவது நல்லது.

விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்விகள் வரும் இடத்தில்தான் நம்மவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் நம் குடும்பங்களில் சாதாரணம். சென்னை மருத்துவர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையை ஊரிலிருந்து வரும்போதெல்லாம் வாங்கி வந்து சாப்பிடுகிறவர்கள், இங்கே எந்த மருத்துவரிடமும் பதிவு இல்லை என்பதால், அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் செய்த இரத்தப் பரிசோதனை, அங்கே பார்த்த இதய மருத்துவர், எப்போதாவது பிடிக்கும் சிகரெட், தந்தைக்கு இளம் வயதில் வந்த மாரடைப்பு என்று கேட்கப்படும் எதையும் மறைக்கக் கூடாது. புகை பிடிப்பதில்லை என்று எழுதினாலும், சிறுநீரில் கோட்டினின் (நிகோட்டின் உடலில் விட்டுச்செல்லும் எச்சம்) சோதனை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். உண்மையைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், அல்லது ஒரு நோய் காப்பீட்டிலிருந்து விலக்கப்படலாம். மறைத்தால், நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் மனைவியோ கணவரோ நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க நேரும். இதைவிடக் கொடுமையான சிக்கனம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வங்கியின் பாலிசியில் கேள்விகள் குறைவாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடவும் வேண்டாம். ஏற்கெனவே இருந்த நோயால் வரும் இழப்பீட்டுக் கோரிக்கையை விலக்கும் பிரிவு அதில் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

ஆயுள் காப்பீடு பொதுவாக மரணத்துக்குத்தான். நோய்க்கென்று தனியாக இருப்பது, இங்கே ‘டிரெட் டிசீஸ்’ என்று விற்கப்படும் கடும்நோய்க் காப்பீடு. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கண்டறியப்பட்டால் இது ஒரு மொத்தத் தொகையை உங்கள் கையில் தரும். மெடிக்கல் எய்ட் இருக்கிறதே என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். மெடிக்கல் எய்ட் மருத்துவமனைக்குப் பணம் கட்டுமே தவிர, வீட்டுத் தவணையைக் கட்டாது. இந்த மூன்று நோய்களுக்கும் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கும் தென்னாப்பிரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏ முதல் டி வரை பொதுவான நான்கு தீவிர நிலைகளை வகுத்திருக்கின்றன. சில பாலிசிகள் லேசான நிலைக்குத் தொகையில் ஒரு பங்கை மட்டுமே தருகின்றன. சில பாலிசிகள் முழுவதும் தருகின்றன. அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி இருக்கிறது என்றால், சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் முதலில் ஆயுள் காப்பீட்டை முழுமையாக எடுக்க வேண்டும். அதற்கு அடுத்து நான் வைப்பது, வேலை செய்ய முடியாமல் போனால் மாதந்தோறும் பணம் தரும் வருமானக் காப்பீடு. அதில், உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாவிட்டாலே பணம் கிடைக்குமா, எந்த வேலையும் செய்ய முடியாத நிலை வந்தால்தான் கிடைக்குமா என்ற வரையறையைப் பாருங்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் எடுத்தால் இருவருக்கும் காப்பீடு தேவை. ஒருவர் மறைந்தாலும் மற்றவர் முழுக் கடனுக்கும் பொறுப்பாவார். அலுவலகம் தரும் குழு ஆயுள் காப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். வேலை போனால் பொதுவாக அதுவும் போய்விடும். பெர்மிட்டில் இருப்பவர்கள், நாட்டை விட்டுச் சென்றாலும் பாலிசி தொடருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீடு இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. அதையும் வங்கி கேட்கும்.

சொந்த பாலிசியை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுப்பதை ‘செஷன்’ என்பார்கள். கடன் நிலுவை அளவுக்கு மட்டுமே வங்கிக்கு உரிமை இருக்கும்படியும், மிச்சத் தொகை நீங்கள் நியமித்தவருக்குச் சேரும்படியும் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி ஆவணம் கைக்கு வந்த பிறகு மனம் மாறினால், கோரிக்கை எதுவும் வைக்காதிருக்கும் நிலையில், 31 நாள்களுக்குள் அதை ரத்து செய்யலாம். விற்கும் முகவர் உரிமம் பெற்றவரா என்பதை நிதித் துறை நடத்தை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, நிறுவனத்திடம் முறையிட்டும் தீரவில்லை என்றால், 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதி ஆம்பட் (குறைதீர்ப்பு) அமைப்பிடம் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். கடன் முடிந்ததும் செஷனை நீக்கும்படி வங்கிக்கு எழுதி, நீக்கப்பட்டதற்கான உறுதிக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.